டிரைவர் வீட்டு ஜன்னல்

டிரைவரம்மா வீட்டில் பகலுக்கு அனுமதி கிடையாது. புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். விடிந்து வந்துதான் படுப்பார். அவர் தூக்கம் கெட்டால் ஒரு பஸ் ஜனத்தின் உயிருக்கு யார் பொறுப்பு? கல்யாணமான புதிதிலேயே கறுப்புத் துணியில் கெட்டியாகத் திரை தைத்து ஜன்னலை மூடினாள். பிள்ளைகள்கூட அந்த வீட்டில் கிசுகிசுத்தே வளர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் போய்ச் சண்டைக்கு நிற்பாள். அக்கம்பக்கத்தில் நல்ல பேர் இல்லைதான். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்!

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, பக்கவாதம் வந்து மனிதர் படுத்த படுக்கையானார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகும். விடிகிற நேரத்தில் மட்டும் அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும். இடது கை ஜன்னல் பக்கம் நீளும்.

"வெளிச்சம் உறுத்துதா? இதோ, இதோ" என்று திரையின் ஓரத்தை இன்னும் இழுத்து ஊக்கு குத்துவாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாளாக நாளாகச் சாப்பாட்டுக்கும் அந்த முகம் திரும்பவில்லை. "இப்படியே போனா மூக்குல குழாய்தான். அதையும் இந்த உடம்பு தாங்குமான்னு தெரியல" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சேதி கேட்டு அவருடைய அக்கா வந்து இறங்கினாள். வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, புழுக்க நாத்தம் குடலப் புடுங்குது! உயிரோட இருக்கிறவன் படுக்கிற ரூமா இது?" சாயங்காலமே திரையைக் கழற்றி ஊறப்போட்டுவிட்டாள்.

"ஐயோ அண்ணி, அவர் தூங்க மாட்டார்!"

"ஒரு நாள் தூங்கலைன்னா குடியா முழுகிடும்?"

விடியற்காலையில் முனகல் கேட்டு டிரைவரம்மா பதறி எழுந்தாள். ஜன்னல் அப்பட்டமாகத் திறந்து கிடந்தது. போர்வையை எடுத்துக்கொண்டு ஓடி, மாட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். கட்டிலிலிருந்து நீண்ட இடது கை போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தது. எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பலம்! திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வானம் சாம்பல் கலைந்து சிவந்துகொண்டிருந்தது. அவள் போர்வையைக் கீழே விட்டாள்.

"இதையா கேட்டீங்க? இத்தனை நாளும் இதையா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

பஸ் முழுக்கத் தூங்க, இந்த மனிதர் ஒருத்தர்தான் விழித்திருந்து இதைப் பார்த்தபடி தினம் தினம் வீடு வந்திருக்கிறார். ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னாரா? இவள்தான் கேட்டாளா? வாசலில் கால் வைத்ததுமே "படுங்க, படுங்க" என்பதுதான் இவள் பேச்சு.

"பாவி நான், உங்க கண்ண மூடி வச்சிட்டேனே!" என்று கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுகையினூடே அவளும் பார்த்தாள். துக்கத்துக்கு நடுவே, இந்த வயதில், இப்படி ஒரு சந்தோஷம் வருவது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அக்கா பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். டிரைவரம்மா வாங்கி ஊட்டிய முதல் ஸ்பூன் அவர் மார்பில் கொட்டியது. இரண்டாவதை, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.