தங்கையா போட்ட ஒற்றைக் கோடு

அந்தமானின் ஹேடோ வார்ஃபில், அதாவது கப்பல்துறையில், தங்கையா ஓர் எண்ணை எழுதிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. மெயின்லேண்ட் கப்பலிலிருந்து கிரேன் கயிற்று வலையில் கட்டி, ஒவ்வொரு ஸ்லிங்காக மூட்டைகளை இறக்கும். கீழே நிற்கிற தங்கையா ஒரு பார்வை பார்ப்பார், அட்டையில் கட்டம் போட்டு எழுதுவார். அதுதான் டேலி. கப்பல்காரன் ஒரு கணக்குச் சொல்வான், கடைக்காரன் ஒரு கணக்குச் சொல்வான், முட்டி மோதிவிட்டுக் கடைசியில் இரண்டு பேரும் தங்கையாவின் அட்டைக்கே வந்து சேர்வார்கள். இதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அவர் மனைவி சுகிர்தாவுக்கு அதைவிட ஒரு படி கூடுதல். வாங்கி வந்த முட்டையைக்கூட எண்ணித்தான் மனுஷன் வீட்டுக்குள் விடுவார் என்று அக்கம்பக்கத்தில் அவளே கேலி பேசுவாள். அதே கேலியை வேறு யாராவது பேசிவிட்டால் போச்சு, இரண்டு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கணக்கில் சறுக்கினார். அதுவும் ஊரே பார்க்க, அதுவும் சொந்தப் பெண்டாட்டியின் ஆட்டத்தில்.

சுகிர்தாவின் ஆட்டம் பௌலிங். உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விடாதீர்கள். வழவழவென்ற மரத்தளத்தில் கனமான பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். பகலெல்லாம் படகு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஜனங்களின் வாயில் விழுந்து எழுபவள், சாயங்காலம் பௌலிங் கூடத்துக்குப் போய்க் கட்டைகள் மேல் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். தீர்த்துத் தீர்த்தே நல்ல ஆட்டக்காரி ஆகிவிட்டாள்.

அன்றைக்கு இறுதி ஆட்டம். எதிரே பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆசிம். ஜெயிக்கிறவர் தீவுகளின் சார்பில் சென்னைப் போட்டிக்குப் போகலாம். முதுகில் அந்தமான் என்று எழுதிய நீலச் சட்டை கிடைக்கும். பள்ளிக்கூட நாளில் த்ரோபால் குழுவில் சுகிர்தா எப்போதும் மாற்று ஆள். சட்டை பற்றாக்குறை, அதனால் அவளுக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். இன்று நாற்பது தாண்டியும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. மேஜை மேல் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை அவள் வந்ததும் வராததுமாகத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

புள்ளி காட்டும் மெஷின் இடி விழுந்ததில் போய்விட்டது. அதன் உதிரிப் பாகம் கப்பலில் வர வேண்டும். இந்த ஊரில் எது கெட்டாலும் பதில் அதுதான். கூடத்து மேனேஜர் ஐயாவு கையைப் பிசைந்தார்.

"யார் எழுதுறது?"

"தங்கையா அண்ணே எழுதட்டும்," என்றான் ஆசிம்.

"பொண்டாட்டி ஆடுத ஆட்டம்ப்பா," என்று தங்கையா பின்வாங்கினார்.

"இருக்கட்டும்ணே. உங்க கையெழுத்துல வந்த சரக்கை என் வாப்பாவே திருப்பி எண்ணினதில்ல. பஸ், அது போதும், எழுதுங்க."

ஆட்டம் பார்க்க வந்திருந்த வார்ஃப் ஆட்கள் விசில் அடித்தார்கள். சுகிர்தாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஐயாவு விதியைச் சொன்னார். மொத்தம் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்துக் கட்டையும் விழுந்தால் ஸ்ட்ரைக். கட்டம் அதோடு முடிந்தது, ஆனால் அந்தப் பத்தோடு அடுத்து வரும் இரண்டு பந்தில் விழுவதையும் சேர்க்க வேண்டும். இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேர், அதற்கு அடுத்த ஒரு பந்தைச் சேர்த்தால் போதும். கடைசிக் கட்டத்தில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ விழுந்தால் மூன்றாவது பந்து உண்டு. தங்கையா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கேட்டுக்கொண்டாரே ஒழிய, கை கேட்க வேண்டுமே! வார்ஃபில் அவர் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. ஒரு ஸ்லிங்கில் குறை இருந்தால் அடுத்த ஸ்லிங்கோடு தீர்த்துக் கட்டத்தை மூடிவிட வேண்டும். மூன்றாவது ஸ்லிங் வரும்வரை கட்டம் திறந்து கிடந்தால் அது திருடனுக்குத் திறந்து வைத்த கதவு. இருபது வருஷம் அப்படியே எழுதிப் பழகிய கை.

ஆசிம் அன்று பிசகாமல் ஆடினான். ஒரு கட்டம் ஸ்ட்ரைக், அடுத்தது ஸ்பேர், மறுபடி ஸ்ட்ரைக், மறுபடி ஸ்பேர். கடைசி ஸ்பேருக்குக் கிடைத்த உபரிப் பந்திலும் பத்தையும் சாய்த்தான். இப்படி மாற்றி மாற்றி விழுந்தால் கட்டத்துக்கு இருபது. பத்துக் கட்டத்துக்கு இருநூறு.

சுகிர்தாவின் ஆட்டம் வேறு மாதிரி. முதல் கட்டத்தில் ஒரு கட்டை நின்றுகொண்டு அவளை முறைத்தது. "இரு, உன்னைக் கவனிச்சுக்கிடுதேன்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனவள் அடுத்த நான்கு கட்டமும் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக் அடித்தாள். "அரே பாப் ரே!" என்று வார்ஃப் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏழாவதில் மறுபடி ஒரு கட்டை பாக்கி. மற்றபடி எல்லாக் கட்டத்திலும் ஸ்பேர், பத்துக்குப் பத்து. கடைசி உபரிப் பந்தைக் கையில் எடுத்தபோது அவள் மனக்கணக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கில் நின்றது. ஏழு விழுந்தால் சட்டை அவளுக்கு.

எட்டு விழுந்தது. இருநூற்று இரண்டு! கவுண்டர், க்யூ, வயது எல்லாவற்றையும் மறந்து சுகிர்தா ஒரு குதி குதித்தாள்.

தங்கையா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வார்ஃபில் படிப்பதுபோல் கணீரென்று படித்தார். "ஆசிம் இருநூறு. சுகிர்தா நூத்தி எழுவத்தி மூணு."

கூட்டம் ஆசிமைத் தூக்கிக்கொண்டது. இந்த மனுஷனுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டதா? சுகிர்தா எட்டிப் பார்த்தாள். தாள் அச்சடித்ததுபோல் சுத்தமாக இருந்தது. தவறு எங்கே என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தொடர்ந்து விழுந்த ஸ்ட்ரைக்குகளுக்கு அடுத்த கட்டத்தை மட்டும் சேர்த்து மூடிவிட்டிருந்தார். ஸ்ட்ரைக் கட்டத்தில் ஒரு பந்துதானே உண்டு? இரண்டாவது பந்து அதற்கும் அடுத்த கட்டத்தில் அல்லவா இருக்கிறது! முதல் இரண்டு ஸ்ட்ரைக்கில் பத்துப் பத்து போயிற்று, மூன்றாவதில் ஆறாவது கட்டத்து முதல் பந்தின் ஒன்பது. இருபத்தொன்பது புள்ளியை மனுஷன் கடலில் கொட்டிவிட்டார்.

வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், பெண்டாட்டிக்காகக் கணக்கை மாற்றினான் என்று நாளைக் காலையிலேயே வார்ஃப் சிரிக்கும். அப்புறம் எந்தக் கடைக்காரன் அவர் அட்டையை நம்புவான்? சொல்லாவிட்டால் நீலச் சட்டை ஆசிமோடு போய்விடும். அவள் நேர்மையாக அடித்த ஸ்ட்ரைக், ஒன்றா இரண்டா? கோபத்தில் கண் கலங்கியது. நிமிர்ந்தவள் கண்ணில் சுவரில் இருந்த பலகை பட்டது. அத்தனையும் ஸ்ட்ரைக் அடித்து முந்நூறு எடுப்பவருக்கு ஒரு வருடம் ஆட்டம் இலவசம் என்று ஐயாவு எழுதி மாட்டிய பலகை.

"ஏங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு ஆள் ஒண்ணுவிடாம அத்தனையும் ஸ்ட்ரைக் அடிச்சா எவ்வளவு?"

"இதென்ன கேள்வி? அதான் போட்டிருக்கே, முந்நூறு."

"நீங்க எழுதின மாதிரியே எண்ணிச் சொல்லுங்க."

தங்கையா விரலை மடக்கினார். "முதல் கட்டம் பத்து, அடுத்த கட்டத்துப் பத்து, இருவது. மூடியாச்சு. ரெண்டாங்கட்டம், நாப்பது." எட்டாவது கட்டம்வரை குரல் கணீரென்றுதான் இருந்தது. "நூத்தியறுவது. ஒம்பதாவதுக்கு ரெண்டு பந்தும் கடைசிக் கட்டத்துலயே இருக்கு, அது முப்பது. கடைசி முப்பது. ஆக..." விரலை மறுபடி மடக்கிப் பார்த்தார். "இருநூத்தி இருவது."

தங்கையா பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், ஐயோ, சட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று சுகிர்தாவுக்கு ஆகிவிட்டது. விதியைச் சரியாகச் சொல்லவில்லை என்று தங்கையா பழியை ஐயாவு தலையில் போட்டிருக்கலாம். மெஷின் தலையில் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை.

"என் டேலி தப்பு," என்றார் தங்கையா. "ரெண்டு பந்துக்குக் காத்திருக்கணும். காத்திருக்காம மூடிட்டேன்."

"வீட்டுக்காரிக்கு ஏத்திக் குடுக்காருடோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "விழுந்த கட்டையை எண்ணுங்க! ஆசிம் நூத்திப்பத்து, அக்கா நூத்தியாறுதான்! கூட இறக்கினவன் எப்படித் தோப்பான்?"

மூட்டை எண்ணிப் பழகிய ஆட்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நாலைந்து தலைகள் ஆடின.

"அந்தத் தாளைத் தாங்க," என்று ஆசிம் முன்னால் வந்தான். தங்கையா கொடுத்தார். ஆசிம் தன் ஆட்டத்தை முதலில் எண்ணினான். "அண்ணே மூடின மாதிரி மூடினாலும் இருநூறு, விதிப்படி எண்ணினாலும் இருநூறு. எனக்கு ஸ்ட்ரைக் தனித்தனியா விழுந்திருக்கு, அதான் தப்பு தெரியல." பிறகு சுகிர்தாவின் ஆட்டத்தைப் பந்து பந்தாக, உரக்க எண்ணிக்கொண்டு போனான். தொடர் ஸ்ட்ரைக் வந்த இடத்தில், "முப்பது... அரே, இதுவும் முப்பது!" என்று அவனே தலையில் கை வைத்துக்கொண்டான். முடித்ததும் கத்தியவன் பக்கம் திரும்பினான். "எத்தனை விழுந்ததுங்கிறது மட்டும் இல்லப்பா, எந்த வரிசையில விழுந்ததுங்கிறதும் கணக்கு. அண்ணே வீட்டு பாபி சேர்ந்தாப்ல அடிச்சிருக்காங்க. இருநூத்தி ரெண்டு. நான் தோத்தேன், நானே சொல்றேன், டீக் ஹை?"

வார்ஃப் ஆட்கள் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஐயாவு ஓடிவந்து ஒரு புதுத்தாளை நீட்டினார். "இது கிறுக்கல் இல்லாம சென்னைக்குப் போகணும். நல்லா எழுதிக் குடுங்க, பழசைக் கிழிச்சிடலாம்."

"கிழிக்கக் கூடாது," என்றார் தங்கையா. வார்ஃபில் தவறான எண்ணை அழிக்கமாட்டார்கள், மேலே மேலே கிறுக்கி மறைக்கமாட்டார்கள். ஒரே ஒரு கோடு. அடித்த எண் யார் பார்த்தாலும் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், அதன் கீழே கையெழுத்து. மற்றவர்களுடைய அட்டையில் அப்படிக் கோடுகள் எத்தனையோ உண்டு. தங்கையாவின் அட்டையில் ஒன்றுகூட இருந்ததில்லை. பேனாவைத் திறந்து, நூற்று எழுபத்து மூன்றின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். இருநூற்று இரண்டு என்று எழுதினார். கீழே முழுப்பெயரையும் போட்டார்.

சுகிர்தா நீலச் சட்டையைப் புடவைமேலேயே மாட்டிக்கொண்டாள். இரண்டு அளவு பெரிது, அதனால் என்ன? ஐயாவு இன்னும் விடவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஏம்மா, சென்னையில இதைப் பார்த்துட்டு, யார்ரா இந்தக் கணக்கு எழுதினதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சுகிர்தா தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர்னு சொல்லுவேன்."