பம்பாய் லைன் கிடைக்கும் வரை

சாமியாத்தாள் திருப்பூர் டெலிபோன் ஆபீசில் பதினெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஓய்வு பெற்று, எழுபத்தெட்டு தை மாசம் தன் எழுபத்து மூன்றாவது வயதில் கண்ணை மூடினாள். வீரபாண்டியிலிருந்தும் நெருப்பெரிச்சலிலிருந்தும் துக்கம் விசாரிக்க வந்த பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். அந்தம்மா குரல் மாதிரி வருமா, எத்தனை பொறுமை, எத்தனை அன்பான பேச்சு.

மகள் அமராவதிக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. பேச்சாம் பேச்சு. அப்பா இல்லாத வீட்டில் இருந்தது தாயும் மகளும் மட்டுந்தான். வேலை முடிந்து வருகிறவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு வேண்டும் என்பதற்கும் கை, கதவைச் சாத்து என்பதற்கும் கை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தான் பேசியதெல்லாம் அம்மா காதில் ஏறியதா இல்லையா என்பது முப்பத்தெட்டு வயதிலும் அமராவதிக்குத் தெரியாது. செத்தவளிடம் போய்க் கேட்கவா முடியும்?

பதினோராம் நாள் காங்கேயத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் நஜீமுதீன். அந்தக் காலத்தில் திருப்பூரில் கடை வைத்து, பனியன் மெஷினுக்கு ஊசி விற்றவர். மாலை போட்ட படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இவங்கதானுங்களா? மொகத்தப் பாத்ததே இல்லீங்க அம்மிணி. குரல்தான் பழக்கம்."

"எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க, பாய்," என்றாள் அமராவதி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

ஊசி பம்பாயிலிருந்து வரவேண்டும். டிரங்க் கால் பதிந்தால் லைன் கிடைக்க நாலு மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். 'இன்னும் கெடைக்கலீங்க' என்று சாமியாத்தாள் அரைமணிக்கொரு தரம் கூப்பிட்டுச் சொல்வாளாம். சொல்லிக்கொண்டே வந்த பெரியவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மிணி, எறும்பு தூங்குமானு பள்ளிக்கூடத்துல பேசிப் பரிசு வாங்குனது நீங்கதானுங்களா?"

அமராவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பரிசுக் கிண்ணத்தோடு ஓடிவந்து, அம்மா முன்னால் நின்று முழுசையும் பேசிக் காட்டினாள். அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். முடித்த பிறகும் ஒரு சொல் இல்லை. கிண்ணத்தை அரிசிப் பானைக்குள் எறிந்துவிட்டு அழுதது இன்றைக்கும் ஆறவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அடுத்த நாளு அஞ்சு மணி நேரங் கழிச்சு லைன் கெடைக்கற நேரம். 'நேத்து என்ற மக பேசுனா, கேளுங்க'னு ஆரம்பிச்சாங்க. முழுசும் சொன்னாங்க. நீங்க எங்க நிறுத்துனீங்க, எங்க மூச்சு வாங்குனீங்க, அது வரைக்கும். முடிக்கறதுக்குள்ள பம்பாய் லைன் போயிருச்சு. அந்த வாரம் ஊசியே வரலீங்க."

"கோவிச்சுக்கலீங்களா?"

"கோவந்தான் வந்துச்சு. ஆனா அடுத்த தடவ நானேதான் கேட்டனுங்க, இன்னைக்குப் பொண்ணு என்ன சொல்லுச்சுனு. அப்பறம் பத்து வருசமும் அதேதான். 'ஊட்டுக்குப் போனாத் தொண்டை எந்திரிக்கறதில்லீங்க, அவ பேசறதக் கேட்டுக்கறதோட சரி'ம்பாங்க."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பெரியவர் எழுந்தார். அமராவதி வாசலுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"அடுத்த பஸ்ஸுக்குப் போலாமுங்க, பாய். நான் என்னென்ன பேசுனனாம்? மொதல்ல இருந்து, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."