ஒன்பதாம் மாதத்துச் சோதனை

பெஞ்சில் இடமில்லாததால் வேதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பைத் தாங்கியிருந்தது. மறு கையில் ஓ.பி. சீட்டும் தண்ணீர் பாட்டிலும். நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பெல்ட்டில் வரும் மாத்திரை அட்டைகளை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் செருகியபடி நாள் முழுக்க நிற்பவள்தான். அங்கே பெல்ட்டாவது ஓடும். இங்கே வரிசை காலையிலிருந்து அசையவில்லை.

சூப்பர்வைசர் புருஷோத்தமன் அரை நாள்தான் கொடுத்திருந்தார். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்குப் பிரசவ லீவு கிடையாது. ஒருத்தி நின்றால் அந்த இடத்தில் இன்னொருத்தி வந்துவிடுவாள். அதனால் வலி எடுக்கிறவரை வேலைக்குப் போவதென்று வேதாவும் அவள் புருஷன் தினேஷும் முடிவு செய்திருந்தார்கள். தினேஷுக்கு சனத்நகரில் லேத் வேலை. இன்று அவனால் வர முடியவில்லை. அவனுடைய அக்கா பிந்து துணைக்கு வந்திருந்தாள். பிந்துவின் இரண்டு பிள்ளைகளும் இதே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.

"உள்ள என்ன பண்ணுவாங்க அண்ணி? இன்னிக்கு வேற ரூமுக்கு அனுப்பறாங்க."

"என்ன பண்ணுவாங்க, பாப்பாங்க. எப்பவும் பாக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு பிந்து கைப்பையைத் திறந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

எப்பவும் பார்ப்பது என்றால் வேதாவுக்குத் தெரியும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். எடை பார்ப்பார்கள். வயிற்றை டேப்பால் அளந்து, குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள்.

ஆயா கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டாள். பிந்து கூடவே நுழையப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள். "பேஷன்ட் மட்டும்."

உள்ளே மூன்று கட்டில்கள். நடுவில் மறைப்புக்கு வைத்திருந்த சட்டங்களில் ஒன்றில் துணியே இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் வேதாவைப் பார்த்து, "பேன்ட் கழட்டிட்டுப் படு" என்றாள். வேதா தயங்கி நின்றாள். "ஜல்தி. வெளியில எத்தன பேர் இருக்காங்க பாத்தே இல்ல?"

ரப்பர் ஷீட் ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. டாக்டரம்மா ஸ்கேன் தாளைப் படித்துக்கொண்டே வந்தார். பின்னால் வெள்ளைக் கோட்டில் இரண்டு பெண்கள், படிக்கிற பிள்ளைகள். கையுறையை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "கால மடக்கு. லூசுகா பெட்டமா."

எதை லூசாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று யோசிப்பதற்குள் விரல்கள் உள்ளே போய்விட்டன. வேதா கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இருட்டில் எதையோ தேடுகிறவரைப் போல விரல்களை நகர்த்தினார். "ரெண்டு சென்டிமீட்டர் தெறந்திருக்கு. மெத்துன்னு இருக்கு. நீ பாரு" என்றார். வேதாவிடம் சொல்லவில்லை. முதல் பெண் வந்து நின்றாள். அவளும் அதேபோல விரல்களை நுழைத்துப் பார்த்தாள். அவள் விலகியதும் இரண்டாவது பெண். யாருடைய முகத்தையும் வேதா பார்க்கவில்லை. மேலே குழாயில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தாள். டாக்டரம்மா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை விரல் தொட்டுப் பார்க்கவில்லை, சுற்றியது. பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியதை வழிப்பதைப் போல ஒரு சுற்று, இன்னொரு சுற்று. இடுப்பிலிருந்து தொண்டை வரை ஏதோ கிழிவதுபோல இருந்தது. "அம்மா!" என்று கத்தி, டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நர்ஸ் அந்தக் கையைப் பிய்த்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள்.

"இதுக்கே கத்தினா பெத்துக்கறப்ப என்ன பண்ணுவே? ஆச்சு, எந்திரி. வலி வந்தா வா."

"மேடம், ரத்தம்..."

"கொஞ்சம் வரும். போ."

நர்ஸ் ஷீட்டைப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். வேதா சல்வாரின் நாடாவை முடிச்சுப் போடுவதற்குள் அடுத்த பெண் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே பிந்து உரித்த சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னாங்க?"

வேதாவின் உதடு கோணியது. "குழந்தைக்கு ஏதோ பண்ணிட்டாங்க அண்ணி. மூணு பேரு... ரத்தம் வருது."

"கை போட்டுப் பாத்தாங்களா? சுத்தி விட்டாங்களா?" பிந்து குரலைத் தாழ்த்தினாள். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் வலி வரட்டும்னு அப்பிடிப் பண்ணுவாங்க. எனக்கும் பண்ணாங்க, ரெண்டு தடவையும்."

வேதா அழுவதை நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஹவ், தெரியும். கடைசி மாசத்துல எல்லாருக்கும்தான்."

"உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டேனே அண்ணி. பக்கத்துல நின்னு கேட்டேனே."

"சொன்னா நீ உள்ள போயிருப்பியா? எனக்கு மட்டும் யாரு சொன்னா?" பிந்து ஆரஞ்சுச் சுளையை நீட்டினாள். வேதா வாங்கவில்லை.

"வேலைக்கி நக்கோ, இன்னிக்கு போகாதே. வீட்டுக்குப் போயிப் படு" என்று பிந்து பஸ் நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அரை நாள்தான் சொல்லியிருக்கிறேன் என்று வேதா ஜீடிமெட்லா பஸ்ஸில் ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. லீவு மட்டும் காரணமில்லை. வீட்டில் பிந்துவோடு ஒரே அறையில் இருக்க அவளால் முடியாது.

சாப்பாட்டு நேரம். கேன்டீனில் பெண்கள் தலையுறையைக் கழற்றாமலே டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பெல்ட்டில் அவளுக்கு எதிரே நிற்கும் நஸ்ரின் வேதாவின் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். "என்னாச்சு? ஏன் இப்பிடி இருக்கே?"

வேதா மெல்லிய குரலில் சொன்னாள். நஸ்ரினுக்கு மட்டும்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், "எனக்கு நாலு பேரு பாத்தாங்க" என்றாள். எதிரே இருந்தவள் தலையைத் தூக்காமல், "எனக்குக் கத்தக்கூட விடல" என்றாள். "வலிச்சா என்ன, பொறந்துடுச்சில்ல" என்றாள் இன்னொருத்தி. தண்ணீர் ஜக்கை நகர்த்து என்பதைப் போலச் சொன்னார்கள். பிறகு ஊறுகாயைக் கை மாற்றினார்கள்.

வேதா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். இந்த ஒன்பது மாதத்தில் பப்பாளி தின்னாதே என்று சொன்னவர்கள் இவர்கள்தான். குங்குமப்பூ வாங்கச் சொன்னவர்கள். கிரகணத்தன்று இவளைக் கேட் தாண்ட விடக் கூடாதென்று சூப்பர்வைசரிடமே சண்டை போட்டவர்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று தரையில் படுத்துக் காட்டியவள்கூட இருந்தாள். இதை ஒருத்தியும் சொல்லவில்லை.

"இத கேளு" என்றாள் நஸ்ரின். அவளுடைய தங்கை ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறவள். "பொட்டுப் பொட்டா பட்டா பயப்படாதே. இடுப்பு இழுத்துப் புடிச்சாலும் பரவால்ல. செவப்பா நெறைய போனாலோ, தண்ணி ஒடஞ்சாலோ, குழந்த அசையற மாதிரி இல்லன்னாலோ ஒடனே போயிடணும். தெரிஞ்சுதா?"

"இத ஏன் அவங்க சொல்லல?"

நஸ்ரின் தன் டிபன் பாக்ஸை வேதாவின் முன்னால் தள்ளினாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும் முன் வலி எடுத்தது. முதலில் இடுப்பு இறுகித் தளர்ந்தது. பிறகு விடாமல் இறுகியது. வேதா பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எடுக்க ஆளில்லாத மாத்திரை அட்டைகள் கடைசிவரை ஓடித் தரையில் விழுந்தன. புருஷோத்தமன் விரைந்து வந்தார். வேதாவைப் பார்த்தார். விழுந்த அட்டைகளைப் பார்த்தார். "அடுத்த லைன்லேர்ந்து ஒரு ஆள இங்க அனுப்பு" என்று கத்திவிட்டுத்தான், ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னார். நஸ்ரின் கூடப் போனாள்.

பிரசவ அறையில் டாக்டர்கள் வேறு. சொல் மட்டும் அதே. "கால மடக்கு." வேதாவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"சொல்லிட்டுப் பண்ணுங்க மேடம். என்ன பண்றீங்கன்னு சொல்லிட்டுப் பண்ணுங்க."

"ஒவ்வொருத்திக்கும் கத சொல்லிக்கிட்டிருந்தா வேலைய யாரு பாக்கறது?" நர்ஸ் அவளுடைய தொடையில் ஓங்கி அடித்தாள். வேதா அதிர்ந்து போனாள். சின்ன வயதில்கூட அவளை யாரும் அப்படி அடித்ததில்லை. அடித்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்ளக் கை போகவில்லை. கால்கள் விலகின. அதற்குப் பிறகு யார் யாரோ வந்து பார்த்தார்கள், எத்தனை சென்டிமீட்டர் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். தினேஷ் லேத்தின் எண்ணெய்க் கறை போகாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வேதாவுக்குத் தெரியவில்லை. "இல்ல" என்றாள்.

மறுநாள் வார்டுக்கு ஒரு புது டாக்டர் வந்தாள். சின்ன வயது. பிந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே வேதா மல்லாந்து படுத்து, நைட்டியை மேலே சுருட்டி, கால்களை மடக்கி விரித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த டாக்டர் மறைப்பை இழுத்துவிட்டு, நைட்டியை முழங்கால்வரை இறக்கிவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமான தெலுங்கில் சொன்னாள்.

"பிரசவத்துல போட்ட தையல் எப்பிடி இருக்குன்னு பாக்கணும். பாக்கலாமா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன். இப்ப வேண்டாம்னாலும் சரி, அப்புறம் வரேன்."

வேதா இந்த ஊரிலேயே பிறந்து, சின்ன வயதிலிருந்து பேசுகிற தெலுங்குதான். ஆனாலும் அவள் தலையைத் தூக்கி, டாக்டர் வேறு யாரிடமோ கேட்கிறாளோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"அண்ணி, என்ன கேக்கறாங்க இவங்க?"

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த பிந்துவின் கை நின்றுவிட்டது. அவளையும் இதுவரை எந்த டாக்டரும் பார்க்கலாமா என்று கேட்டதில்லை. டாக்டர் கையுறை போடாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.