வள்ளி என்றொரு ஐட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பில்லிலிருந்து பிறந்தது. 1979-இல் ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ் அமைப்புக்கு நான் செயலாளர். பில் எழுதியவள் எங்கள் உறுப்பினர் வள்ளி, திருநெல்வேலிக்காரி, டெலிபோன் ரிப்பேர் செய்யும் உத்தியோகம். 'டில்லியின் பனிமூட்டத்தில் ஒரு பெண்...' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். (வேண்டாம். பனியைக் காட்டி எத்தனை நாள் பிழைப்பது?)

2

எங்கள் மைக் உயிரை விட்டிருந்தது. கடையில் வெளிநாட்டு மைக் தொள்ளாயிரம் ரூபாய். பொருளாளர் சேஷனுக்கு மத்திய சர்க்காரில் சாமான்களின் அடக்கவிலையைக் கண்டுபிடிக்கும் வேலை. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் திருகாணியைக் கழற்றிவிடுவார்.

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு டப்பா. அம்பது ரூபா தேறாது. மிச்சமெல்லாம் கொள்ளை!"

வள்ளிக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாகக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

"அப்ப நான் செஞ்சு தாரேன் சார். ஆனா பில்லு குடுப்பேன்."

"அச்சா! பேஷா குடு."

3

(அவள் பட்ட பாட்டை ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அழுகை அதிகம்.) லஜ்பத்ராய் மார்க்கெட்டில் கடைக்காரர்களை 'பையா, பையா' என்று இந்தியில் அண்ணாச்சி போட்டு அலைந்து சாமான் வாங்கினாள். தலைமயிரைவிட மெல்லிய கம்பி, சுற்றச் சுற்ற அறுந்தது. பதினேழு சுருள் வீண். பதினெட்டாவது நின்றது.

ஆண்டு விழாவில் சேஷனே அதில் பேசினார். வருஷா வருஷம் கடைசி வரிசையிலிருந்து "கேக்கலே!" என்று கத்தும் அப்பாவு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.* மேடையோரம் நின்ற வள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கை, தன் வேலை என்று உள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

* அவர் தூங்கவில்லை. விசாரித்துவிட்டேன்.

4

மறுநாள் பில் வந்தது. இரண்டே வரி: 'சாமான்' என்று ஒன்று, 'வள்ளி' என்று ஒன்று. சேஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா இந்த 'வள்ளி'? இப்படியொரு ஐட்டம் எந்தக் கணக்குலயும் கிடையாதே!"

"அதான் சார், எல்லாக் கணக்குலயும் விட்டுப்போச்சு."

சேஷன் பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர்

5

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'சாமிக்குச் செய்ததாக இருக்கட்டும் என்று இனாமாகக் கொடுத்தாள்' என்று ஒரு முடிவு எழுதினேன். என் மனைவி விஜயலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வள்ளியிடம் காட்டினேன்.

"என்னைய நல்லவளாக்க எண்ணூறு ரூபா போகணுமா அண்ணாச்சி? அடிங்க அதை."

அடித்துவிட்டேன். பாதிக்குப் பேரம் முடிந்ததாக எழுத எனக்கே கை வரவில்லை. நிஜத்தில் நடந்ததைச் சொல்லமாட்டேன்.

இந்தக் கதைக்கு ஆன சாமான் நாலு தாள், கொஞ்சம் மை. முப்பது பைசா தேறாது. ஆனால் எனக்கும் பதினோரு தொடக்கம் அறுந்துபோனது. அதையும் சேர்த்துத்தான் நிமிர்ந்து நிற்கிறேன். சேஷனின் பேனா இப்போது உங்கள் கையில். வள்ளி எதிரே நிற்கிறாள், உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள்.

சாமான்: ரூ. 41.50
வள்ளி: ரூ. 858.50
அனுமதித்தவர்: ....................