முதுகோடு முதுகு

அந்த டிவி விளையாட்டைத் திரும்ப ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சாங்க, எங்க வீட்டுல தினம் ஒரே பஞ்சாயத்துதான்.

ரெண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உக்காரணும். ஒருத்தர் கையில அட்டை. அதுல இருக்கிற வார்த்தையைச் சொல்லாம, குறிப்பு கொடுத்தே மத்தவர் வாயிலிருந்து வரவைக்கணும். பழசுல எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாமாம். புதுசுல ஒரே நிமிஷம், மணி அடிச்சா போச்சு.

"பழசோட கால் தூசிக்கு வருமா இது?"ம்பார் பஸ் ஓட்டுற என் வீட்டுக்காரர். ஒன்பதாவது படிக்கிற மகளும் அவர் கட்சி.

"அதுக்குன்னு விடிய விடிய யோசிச்சா, பாக்கிறவன் தூங்கிட மாட்டானா?"ம்பேன். என் வாய் சும்மா இருக்காது.

மகள்னா, அவரோட மூத்த தாரத்துப் பொண்ணு. அவங்க போய்ச் சேர்ந்த பிறகு வந்தவ நான். பழைய ஆட்டத்தை அவங்க மடியில உக்காந்து பார்த்தவ இவ. என்னை இன்னும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்ல. "இங்க பாருங்க", அவ்வளவுதான். ஒரு தடவை சித்தின்னு சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிப் போயிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை அந்த ஆட்டத்தையே பெட்டியில போட்டு வித்தாங்கன்னு வாங்கிட்டு வந்தேன். தையல் மெஷினை ஓரமாத் தள்ளிட்டு நானும் அவளும் உக்காந்தோம். "புது விதிதான், ஒரு நிமிஷம்"னு அடம் பிடிச்சேன். அவர் கடிகாரத்தோட நடுவர்.

முதல் அட்டையை எடுத்தா. அவ மூச்சு விடுறது மட்டும் என் முதுகுல தெரிஞ்சுது.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா? நேரம் போகுது!"

"நீங்க..." இழுத்தா. "நீங்க எனக்கு யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "சித்தி!"ன்னு கத்தினேன்.

"இல்ல."

ரோஷம் பொத்துக்கிட்டு வந்துது. "உங்கப்பா பொண்டாட்டி!"

"இல்ல!"

"சமையல்காரி! தையல்காரி!"

"ஐயோ, அதெல்லாம் இல்ல!"

"நேரம் முடிஞ்சுது"ன்னார் அவர்.

வெடுக்குன்னு திரும்பி அட்டையை என் மடியில விட்டெறிஞ்சா. கண்ணெல்லாம் சிவந்திருந்துது. "இதுகூடவா தெரியல உங்களுக்கு?"

எடுத்துப் பார்த்தேன். 'அம்மா'ன்னு போட்டிருந்துது.