எச்சில் காய்ந்த தாள்

எழிலரசி அந்தக் கெட்டித் தாளை வாஷ்பேசினுக்குள் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கணவன் மாதவராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி, வெள்ளைப் பீங்கானில், அவன் துப்பிவிட்டுப் போனது செம்மண் குழம்புபோலத் தேங்கிக் கிடந்தது. நடுவில் பாக்குத் துகள்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஒரு கோழை இழை. குழாயைத் திறந்துவிட்டால் போய்விடும். அவன் ஒருநாளும் திறந்ததில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து திறப்பவள் அவள்தான், விரலால் தேய்த்துவிடுபவளும் அவள்தான். தாள் மெல்ல உறிஞ்சியது. ஓரங்களில் மஞ்சள், உள்ளே காவி, நடுவில் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு கறுப்பு. குமட்டல் தொண்டைவரை வந்து நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சுவிட்டாளே தவிர, கையை எடுக்கவில்லை. பிறகு தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, சொட்டவிட்டு, பின்பக்க ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அன்று முழுக்க அவளால் அந்தக் கையால் சோறு எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. ஸ்பூனைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

நல்லம்பள்ளியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மகள் கனிமொழி நர்சிங் படிக்கச் சேலம் ஹாஸ்டலுக்குப் போன பிறகு சாயங்காலங்கள் நீண்டுகொண்டே போயின. அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் கிழிந்த துணி, பஸ் டிக்கெட், பழைய செய்தித்தாள், நூல் எல்லாவற்றையும் ஒட்டி, மேலே வண்ணம் பூசி, அன்றைய நாளையே ஒரு படமாக்கிக்கொண்டிருந்தாள். ஆர்ட் ஜர்னல் என்றார்கள். இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதே எழிலரசிக்குப் பிடித்துப்போனது. கடையில் வெட்டிப்போடும் பாஸ்போர்ட் போட்டோ ஓரங்கள், லேமினேஷன் துண்டுகள், மை தீரப்போகும் நேரத்தில் பாதி வெளுத்து வந்து யாரும் எடுத்துப்போகாத ஆதார் நகல்கள் எல்லாம் அவள் பைக்குள் போயின. வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளைக்குச் சுவருக்கு அடிக்கும் பிரைமரே போதுமாயிருந்தது. கோயம்புத்தூர் மணிமேகலை நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தாள். ‘தினம் ஒரு பக்கம்’ என்பது அதன் பெயர். சேர்ந்த அன்று மணிமேகலை ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: “உங்க அன்றாடத்த ஒட்டுங்க சிஸ்டர். எதையும் மறைக்காதீங்க. அதுதாங்க கலை.”

எழிலரசியும் ஒட்டினாள். டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை, காய்ந்த சாமந்தி இதழ், புளியங்கொட்டைத் தோல், தக்காளிப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மண்டிச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் இதயங்களாகக் கொட்டினார்கள். ‘மனசுக்கு இதமா இருக்கு’ என்றார்கள். ஆரம்பத்தில் பூரிப்பாக இருந்தது. நாள் போகப்போக அந்த இதம் அவளுக்குத் திகட்டியது. எல்லாருடைய பக்கங்களும் ஒன்றுபோலவே இருந்தன. எல்லாரும் காபி குடித்தார்கள், எல்லாருக்கும் பூ உதிர்ந்தது, எல்லார் வீட்டு ஜன்னலிலும் மழை பெய்தது. யார் வீட்டிலும் யாரும் காறித் துப்பவில்லை. பாத்ரூமில் தண்ணீர் போகும் சல்லடையில் முடி சுற்றிக்கொள்ளவில்லை. தன் சாமந்திப் பக்கத்தைப் பார்க்கும்போது, அழுக்குத் துணி மூட்டையின் மேல் பட்டுச் சேலையைப் போர்த்திவைத்தது போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் அன்றாடத்தில் மாதவராஜ்தான் நிறைந்திருந்தான். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறான். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை கன்னத்துக்குள் பொட்டலப் புகையிலைப் பாக்கை அதக்கியபடியே இருப்பான். சட்டைப் பை, வண்டியின் டேஷ்போர்டு, தலையணை அடி என்று எங்கே கைவிட்டாலும் கிழித்த பாக்குக் கவர் மினுங்கும். துவைக்கப் போட்ட பேண்ட்டில் மறந்துபோய் ஒன்று கிடந்துவிட்டால் வாளித் தண்ணீரே நாறும். கேட்டதற்குப் பதில் வராது. வாயில் எச்சில் இருக்கும். “ம்ம்” என்பான், கையை ஆட்டுவான். இந்த ஒரு வருஷமாகச் சாப்பாட்டிலும் ஒரு கோணங்கித்தனம் சேர்ந்துகொண்டது. சுடச்சுடக் களி உருண்டையைக் குழம்பில் புரட்டி லபக்கென்று விழுங்கியவன், இப்போது அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, வாயை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு உர்ரென்று உறிஞ்சினான். இட்லியைக் கிள்ளிக் கிள்ளிக் கூழாக்கி, பல்லிடுக்கில் விரலால் தள்ளினான். குழம்பில் காரம் என்று செம்புத் தண்ணீரை அதில் கவிழ்த்தான். தாடையில் வழியும். துடைக்கமாட்டான். அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டால் போதும், எழிலரசி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

ஜன்னலில் தொங்கிய தாள் காய்ந்து விறைத்ததும் அதைப் பக்கமாக்கினாள். பாக்குக் கவர்களைக் கழுவாமலே வெட்டிச் சுற்றிலும் சட்டம்போல ஒட்டினாள். அவன் முகம் துடைக்கும் துண்டிலிருந்து கறை படிந்த ஒரு மூலையை வெட்டிச் சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்தாள். கல்யாண ஆல்பத்தில் அவன் நண்பர்களோடு நின்று சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. கடை மெஷினில் அதை வைத்துப் பெரிதாக்கி, மறுபடி பெரிதாக்கி, வாயை மட்டும் கத்தரித்து எடுத்தாள். வரிசையாக வெள்ளைப் பற்கள், உள்நாக்குவரை தெரியும் சிரிப்பு. அந்த வாயைக் கறையின் நடுவே ஒட்டினாள். தினசரிக் காலண்டர் தாள்களில் எழுத்து எழுத்தாக வெட்டி, அடியில் ‘காலை வணக்கம்’ என்று ஒட்டி முடித்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு பொய் சொல்லாத ஒரு பக்கம் செய்ததாக அவளுக்குத் தோன்றியது.

குழுவில் போட்டாள். வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு வாந்தி முகம் வந்தது. ‘இது நிஜ எச்சிலா?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘ஆமா, என் வூட்டுக்காரர்து’ என்று இவள் பதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் படம் குழுவிலிருந்து காணாமல் போயிருந்தது. மணிமேகலையின் குரல் தனியாக வந்தது: “எழில் சிஸ்டர், உங்க டேலண்ட் எங்களுக்குத் தெரியாததாங்க? ஆனா நெறைய பேரு காபி குடிச்சுட்டே நம்ம குரூப்ப பார்ப்பாங்க. கொஞ்சம் பாசிட்டிவ்வா போடலாமேங்க.” அந்தத் தேன் குரலைக் கேட்கக் கேட்க, பேசினில் கைவைத்தபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் வந்தது. கடையில் நின்ற வாக்கிலேயே அதே படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு அடுத்த ஆளின் ரேஷன் கார்டை மெஷினில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து நாத்தனார் ராஜாமணி வந்து இறங்கினாள். மாதவராஜுக்கு மூத்தவள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் எழிலு, உனக்கு என்ன கேடு வந்துது? கட்டுனவன் எச்சிய எடுத்து ஊருக்கே படம் காட்டற? எங்க கொழுந்தன் பொண்டாட்டி போன்ல காட்டிச் சிரிக்கறாடி. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?”

“துப்பறவருக்கு வெக்கம் இல்லீங்க அண்ணி. தொடைக்கறவளுக்கு எதுக்கு?”

“ஆம்பள மெல்லத்தான் செய்வான், துப்பத்தான் செய்வான். ஊருல இல்லாத அதிசயமா? கருமத்த எடுத்து ஒட்டிவெச்சு அதுக்கு வணக்கம் வேற. தூ!”

வாசல் பக்கம் திரும்பி நிஜமாகவே துப்பினாள் ராஜாமணி. எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மாதவராஜ் டிவியை அணைத்தான். அவனிடம் பட்டன் போன்தான். ஸ்டேட்டஸ் எதுவும் அவனுக்குத் தெரியாது. எழுந்து போய்ப் பின்பக்கம் துப்பிவிட்டு வந்து நின்றான்.

“எங்க, எடு அத.”

கிழிப்பான் என்று நினைத்தாள். கிழிக்கட்டும், பேசினில்தான் தினமும் புதிதாகக் கிடைக்கிறதே என்றும் நினைத்தாள். பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். தன் எச்சில் என்று தெரிந்தும் கறையை அவன் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அந்தச் சிரிப்பைத் தடவினான். ஜெராக்ஸ் மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

“இது நானா?”

“பின்ன யாரு?”

“எவ்ளோ பெருசா தொறந்துருக்கறன் பாரு.”

குரலில் கோபம் இல்லை. கடைத்தெருவில் பழைய சினேகிதன் ஒருவனைப் பார்த்து, அவனேதானா என்று சந்தேகப்படுகிறவன்போல நின்றான். பிறகு அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எழிலரசியின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தான். அவ்வளவுதான் திறந்தது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை நுழைத்துக் காட்டினான். அடுத்த விரலைச் சேர்த்தான். அது பல்லில் இடித்து நின்றது. காவியேறிய பற்களுக்குப் பின்னால் கன்னத்துச் சதை வெளுத்து, பழைய செருப்புத் தோல்போல வரிவரியாக இழுபட்டிருந்தது. அங்கிருந்து அடித்த வாடையில் அவள் ஓரடி பின்னால் போனாள். போனதை அவனும் பார்த்தான்.

“எத்தன நாளா?”

“களி உருண்ட எறங்காமப் போனதுல இருந்து.”

“சொல்ல என்னங்க கேடு?”

“நீதான் தட்ட எடுத்துக்கினு உள்ள போயிருவியே” என்றான்.

ராஜாமணி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு யாரும் காபி போட்டுத்தரவில்லை.

மறுநாள் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில், மகள் வயசே இருக்கும் ஒரு டாக்டரம்மா அவன் வாய்க்குள் டார்ச் அடித்தாள். “மூணு வெரலு போகணும்ங்க. உங்களுக்கு ஒண்ணர வெரலுகூட இல்ல. உள்ள சதையெல்லாம் நாராயிடுச்சு. இன்னும் மென்னீங்கன்னா எதுக்குக் கொண்டுபோயி விடும்னு நான் சொல்லணுமா?” கன்னத்திலிருந்து கடுகளவு சதையை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டாள். முடிவு வரச் சில நாள் ஆகும் என்றாள். ஐஸ்கிரீம் குச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தினமும் வாயை நெம்பிப் பழக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்ட வேண்டும், வலிக்கும், விட்டுவிடக் கூடாது என்றாள். மாதவராஜ் பள்ளிப்பிள்ளைபோலத் தலையாட்டினான்.

பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று போனவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த வாடை வந்தது. சதை வெட்டின இடத்துப் பஞ்சை ஒரு கன்னத்தில் வைத்துக்கொண்டே மறு கன்னத்தில் அதக்கியிருந்தான். இவ்வளவுக்குப் பிறகும் மனசு இளகவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் பயம் உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் குமட்டல் போய்ப் பயம் வரவில்லை. குமட்டலோடு சேர்ந்தேதான் வந்தது. நோயாளி ஆகிவிட்டான் என்பதற்காகப் பாக்கு மணம் சந்தன மணம் ஆகிவிடுமா என்ன. பஸ் அதியமான்கோட்டை தாண்டிக்கொண்டிருந்தபோது அவன் ஜன்னலுக்கு வெளியே எட்டித் துப்பினான். காற்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் முழங்கைமேல் போட்டது. அவன் பதறிப்போய்த் தன் சட்டைக் கையால் துடைக்கவந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். நல்லம்பள்ளி வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் தானாகவே சட்டைப் பையிலிருந்த மிச்சப் பொட்டலங்களை எடுத்து வாசல் சாக்கடையில் போட்டான். அதை அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அடுத்த நாள் காலை, ‘தினம் ஒரு பக்கம்’ குழுவில் யாரோ மல்லிகைப் பக்கம் போட்டிருந்தார்கள். எழிலரசி அதைத் திறக்காமலே குழுவிலிருந்து வெளியேறினாள். பசை, கத்தரி எல்லாம் போட்டுவைக்கும் அவள் டப்பாவில் பிரிக்காத ஐஸ்கிரீம் குச்சிக் கட்டு ஒன்று கிடந்தது. வெந்நீரில் போட்டு எடுத்தாள். பின்பக்க வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாதவராஜ் உட்கார்ந்திருந்தான். அவனே அடுக்கிப் பார்த்து முடியாமல் அவளிடம் நீட்டினான்.

அவள் எதிரே குந்தி, ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு அடுக்கைப் பல்லுக்கு நடுவில் கொடுத்தாள். “இன்னொண்ணு வெக்கட்டுமா?” அவன் கண்ணால் வேண்டாம் என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தலையசைத்தான். விழியோரம் தண்ணீர் இறங்கியது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாகத் தொங்கி, நீண்டு, அவள் மணிக்கட்டில் சூடாக விழுந்தது. காவி நிறம் இன்னும் போகவில்லை. அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, வேலிக்கு அப்பால் இருந்த காற்றை ஒரு மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். மூச்சை அடக்கியபடியே திரும்பி, அடுக்கின் நடுவே அடுத்த குச்சியின் முனையை வைத்துத் தள்ளினாள். பல்லில் மரம் உரசிக் கிறீச்சிட்டது. இழுபட்ட உதடுகள் நடுங்க, குச்சி மயிரிழை மயிரிழையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.