நாலேகாலுக்கு ஒரு டம்ளர்

பதினோரு வருஷமாக அந்த வீட்டின் பின்புறம் பெரியவளுடையது. பத்திரத்தில் மாமனார் பெயர் இருந்தாலும் மண்ணுக்கு அவளைத்தான் தெரியும். விரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் பேசாமல் போய்விடுவாள், தட்டாவிட்டால் குழாயைத் திறப்பாள். அவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம். "மூத்த மருமக கை பட்டா காஞ்ச குச்சிகூடத் துளிர்க்கும்" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் காதில் விழாதது மாதிரி உள்ளே போவாள். போய், கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. எதைச் சொன்னாலும் அவளுக்கு எண்ணில் சொல்ல வேண்டும். "எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கக்கா" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்க, மாமனார் உடனே தோட்டத்துக்குக் குறுக்கே செங்கல் வரிசை வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார். "அதுக்கென்ன, தாராளமா" என்றாள் பெரியவள். அன்றைக்கு அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு வேளைச் சமையலையே முடித்திருக்கலாம்.

சின்னவள் தக்காளி நட்டதோடு நிற்கவில்லை. இரண்டு கம்பி நீட்டிய ஒரு சென்சாரைச் செங்கல் ஓரமாக மண்ணில் குத்தினாள். மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்று வயர் எதுவும் இல்லாமலே அது போனுக்குச் சொல்லும். இலை வடிவத்தில் இன்னொரு சென்சாரைச் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டாள். இலை எவ்வளவு நேரம் நனைந்து கிடந்தது என்பது அதன் கவலை. மண் ஈரம் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அவள் பாத்திக் குழாய் தானே திறந்துகொள்ளும். இறங்காவிட்டால் மூடியே கிடக்கும்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. மணிக்கொரு தரம் போனை வாங்கிப் பார்த்து, "முப்பத்தெட்டு! மண்ணு பேசுதும்மா!" என்று வீடு முழுக்க அறிவித்தார். பதினோரு வருஷமாக அதே மண் பெரியவளின் விரலோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் இப்படிக் கூவிச் சொன்னதில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் செங்கலை எடுத்துடலாம். முழுத் தோட்டத்தையும் சின்னவளே பாத்துக்கட்டும். பெரியவளும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவா? கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்."

ஓய்வாம்! யார் கேட்டார்கள் இவரிடம் ஓய்வு? பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் வருகைப் பதிவை எழுதிவிட்டு வருகிறவளுக்கு, தன்னுடையது என்று இருந்தது அந்த ஒரு துண்டு மண். அது போனால் அந்த வீட்டில் அவளைப் பற்றிச் சொல்ல என்ன மிஞ்சும்? நன்றாகத் துணி மடிப்பாள் என்பார்களா?

முதல் தடவை தற்செயலாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நாலேகால் மணிக்குத் தன் பக்கம் நின்று தண்ணீர் குடித்தவள், டம்ளரில் மிச்சமிருந்ததைச் செங்கலுக்கு அந்தப் புறம் வீசினாள். அது சென்சாரின் தலையில் போய் விழுந்தது. சாயங்காலம் சின்னவள், "இன்னிக்கு ஐம்பத்திரண்டு! குழாய் திறக்கவே இல்லக்கா" என்றாள். பெரியவளுக்குப் பொறி தட்டியது.

மறுநாள் முதல் அது பழக்கமாயிற்று. வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு டம்ளர். சென்சாரைச் சுற்றி மட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால், சனிக்கிழமையே அதற்கும் சேர்த்து இரண்டு. மூன்று வாரத்தில் சின்னவளின் தக்காளி தலையைத் தொங்கப் போட்டது. பூக்கள் உதிர்ந்தன. "ஈரம் நிறைய இருக்கே, அப்புறம் ஏன் வாடுது?" என்று அவள் போனையும் செடியையும் மாறிமாறிப் பார்த்தாள். மண்ணைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரியவள் "அடடா" என்றாள். உள்ளுக்குள் அத்தனை இதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் போனோடு தோட்டத்துக்கு வந்தாள்.

"அக்கா, தினமும் நாலேகாலுக்கு என் பாத்தியில தண்ணி ஊத்தறது நீங்கதானே?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாருங்க, டாண்ணு அதே நேரத்துல கோடு எகிறுது. குழாய் திறக்கல. இலையில ஒரு சொட்டுக்கூடப் படல. இலை நனைஞ்சா நோய் வரும்னு மண்ணுல மட்டும் ஊத்தியிருக்கீங்க. எவ்வளவு பக்குவம்!" சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பத்து நாளாத் தெரியும்கா. தண்ணி கூடிப்போய் வேர் அழுகுதுன்னு நினைச்சேன். ஆனா ஆசையாச் செய்யறவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது? செடி போனா போகட்டும்னு விட்டுட்டேன். மாமாகிட்டயும் பேசிட்டேன். முழுத் தோட்டமும் உங்ககிட்டயே இருக்கட்டும். அவரும் சரின்னுட்டார்."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். ஆனால் பெரியவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. தோட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நல்ல மனசுக்காரி என்ற பெயரையும் இவளே கொண்டுபோகிறாளே! இனி ஒவ்வொரு செடியைத் தொடும்போதும் இவள் போட்ட பிச்சை என்றுதானே தோன்றும்? அந்தப் பொறாமைதான் வாயைத் திறக்க வைத்ததோ, வெட்கம்தானோ, அவளுக்கே தெரியாது.

"சென்சார் பக்கத்துல விரலை விட்டுப் பாரு."

சின்னவள் குனிந்து விரலை விட்டாள். "ஈரமா இருக்கு."

"இப்ப ஒரு சாண் தள்ளி."

விரல் உள்ளே போகவில்லை. நகம்தான் மடங்கியது. அவள் இன்னும் தள்ளி ஒரு இடத்தில் குத்தினாள், பிறகு செடிக்கு அடியில். எங்கும் கட்டாந்தரை.

"இதுக்குத் தண்ணியே போகலையேக்கா!"

"குழாய் திறக்கக் கூடாதுன்னுதான் ஊத்தினேன். ஒரு டம்ளர். சென்சாருக்கு மட்டும்."

"ஏன்?"

"பொறாமை," என்றாள் பெரியவள். அந்த வார்த்தையை அவள் அதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

சின்னவள் எழுந்தாள். செங்கலைத் தாண்டி, பெரியவள் பக்கத்து ரப்பர் குழாயை இழுத்துவந்து காய்ந்த வேர்களில் பிடித்தாள். பெரியவள் ஓடிப்போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே ஓடியது. வெகுநேரம் கழித்துத்தான் மெல்ல ஊறத் தொடங்கியது. சின்னவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"ஏதாவது சொல்லேன். நல்லாத் திட்டிடு" என்றாள் பெரியவள்.

"முதல்ல இது பிழைக்கட்டும்." சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்புறம் உங்களை உக்கார வெச்சுத் திட்டறேன்."

அதில் அக்கா என்ற சொல் இல்லை. பெரியவள் ஒரு கணம் அதற்காகக் காத்து நின்றாள். பிறகு குழாயை இன்னும் அரைத் திருகு திறந்துவிட்டாள்.